சிங்களத் திரைக்கு முதல் போட்ட யாழ்ப்பாணத்தவர்

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ 1957இல் கான் விழாவரை போனது. உள்ளூர்ப் படமாளிகைகளில் அது ஓடவில்லை. அந்த இயக்குநரை நம்பி அடுத்த படத்துக்கு முதல் போட்டவர் ஒரு தமிழர், கே. குணரத்தினம். போர்த்துக்கேயர் காலக் கதையான அந்தப் படம், ‘சந்தேசய’, 1960இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் தொழில் தொடங்கியவர் குணரத்தினம். தென்னிலங்கை ஊர்களில் சுருட்டுக்கடை வைத்த நம்மவர்களை எல்லோரும் அறிவோம். இவர் கையில் எடுத்தது சினிமா. படம் தருவித்தார், விநியோகித்தார், பிறகு தயாரித்தார். இவருடைய சினிமாஸ் லிமிட்டெட், சிலோன் தியேட்டர்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களோடு சரிக்குச் சரி நின்றது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் இயக்கிய ‘சுஜாதா’ (1953) இவருடைய தயாரிப்புதான்.

இந்திப் படக் கதையையும் மெட்டையும் சிங்களத்தில் ஊற்றித் தந்தார்கள் என்று இவரைப் போன்ற முதலாளிகள்மீது விமர்சகர்கள் வைத்த குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ‘சுஜாதா’வே அதற்குச் சாட்சி. ஆனால் சம்பாதித்ததை அவர் அந்த மண்ணிலேயே போட்டார். ஹெந்தளையில் அவருடைய விஜயா ஸ்டூடியோ எழுந்தது. சென்னைக்கும் சேலத்துக்கும் போய்ப் படமெடுத்த தொழில் உள்நாட்டிலேயே காலூன்ற அத்தகைய கூடங்கள் வேண்டியிருந்தன. 1972இல் அரசு திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, இறக்குமதியும் விநியோகமும் தனியார் கையைவிட்டுப் போன பிறகும் ஸ்டூடியோ நின்றது.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அந்த ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். தமிழனின் சொத்து என்று வைத்த தீயில் சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் எரிந்தன. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் அதே கலவரத்தில் கொல்லப்பட்டார். ஒரு சமூகம் தன் கலைச் செல்வத்தைத் தானே அழித்துக்கொண்ட இந்தக் கொடுமை, உயிரிழப்புகளுக்கு அடுத்தபடியாக, அந்த ஜூலையின் கணக்கில் எழுதப்பட வேண்டியது. குணரத்தினம் நாட்டை விட்டுப் போகவில்லை. 1989இல், ஜே.வி.பி. கிளர்ச்சி உச்சத்தில் இருந்தபோது, கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தெற்கு அவரைத் தமிழ் முதலாளி என்று ஒதுக்கியது. வடக்கு, சிங்களப் படம் எடுத்தவர்தானே என்று விட்டுவிட்டது. இரண்டாவது தவறு நம்முடையது. திருத்தவும் நம்மால் முடியும். 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடந்துவருகிறது. அடுத்த விழாவில் ‘சந்தேசய’வைத் தமிழ்த் துணையெழுத்துகளோடு திரையிடுங்கள், தயாரிப்பாளர் பெயரைச் சுவரொட்டியில் பெரிதாகப் போடுங்கள்.