பென்ஷன்தாரரின் சிறு மானியம்

கலாசாலைகளில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், ஆளுக்கு ஐந்நூறு ஆயிரம் என்று தம்முள் சேர்த்து, தாங்கள் விட்டு வந்த அதே கலாசாலையில் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் செய்ய விரும்பும் சிறு காரியங்களுக்கு வருஷந்தோறும் மானியமாக வழங்கும் வழக்கம் அமெரிக்காவில் பல இடங்களில் இருந்து வருகிறது. தொகை சொற்பம். ஒரு கட்டடத்தின் கைப்பிடிச் சுவருக்குக்கூடப் போதாது. இருந்தும் அந்தப் பணத்தினால் நடக்கும் வேலை, அதைப்போல் பன்மடங்கு சர்க்கார் பணத்தினால் பல சமயங்களில் நடப்பதில்லை. நம் நாட்டில் இம்முறையை ஏற்படுத்தலாமா, ஏற்படுத்தினால் யாருக்கு லாபம், யாருக்குக் கை கழுவச் சாக்கு என்பதை ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

அரியலூர் ஜில்லாவில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஆண்டிமடம் வட்டாரத்தைத் திருஷ்டாந்தமாக எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து ஜெயங்கொண்டத்துக்கும் அரியலூருக்கும் விருத்தாசலத்துக்கும் பஸ் ஏறும் பிள்ளைகளில் பலர், தங்கள் குடும்பத்தில் கலாசாலையின் படியை முதன்முதலில் மிதிப்பவர்கள். இந்திய சர்க்காரின் 2021-22ஆம் வருஷத்து உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வி பெறுவோர் விகிதம் நூற்றுக்கு 47. தேசம் முழுவதற்கும் 28தான். இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயமே. பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. ஆக, பிள்ளையை வாசல் வரை கொண்டுவந்து சேர்க்க ராஜ்யம் முயன்றிருக்கிறது. உள்ளே நுழைந்த பிள்ளைக்கு நிறுக்கத் தராசு உண்டா, பார்க்க பூதக்கண்ணாடி உண்டா, தான் எழுதிய கட்டுரையைப் பத்துப் பிரதி அச்சடித்துக் கொடுக்க ஆள் உண்டா என்பது வேறு கேள்வி.

இந்தச் சில்லறைத் தேவைகளுக்குச் சர்க்கார் பொக்கிஷத்தில் தலைப்பே கிடையாது. 1953இல் தோன்றி 1956இல் சட்ட பூர்வமாக நிலைபெற்ற யூனிவர்ஸிடி மானியக் கமிஷனிடம் உதவி பெற வேண்டுமானால், கலாசாலை முதலில் அக்கமிஷன் சட்டத்தின் 12(பி) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெறவேண்டும். புதிதாகக் கிளம்பிய கிராமாந்தரக் கலாசாலைக்கு அது சுலபமல்ல. கலாசாலை ஆசிரியர்களின் சிற்றாராய்ச்சிக்கு அந்தக் கமிஷனிலிருந்து கொஞ்சம் பணம் வந்துகொண்டிருந்தது. ஐந்தாண்டுத் திட்டங்கள் 2017இல் முடிவடைந்தபின் அந்தச் சிற்றோடையும் வற்றிவிட்டது. அதே 2017இல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய உயர்கல்வி நிதி ஏஜென்ஸியோ, மானியம் அளிப்பதில்லை, கடன் அளிக்கிறது! பெருந்தொகை வந்தால் கட்டடமாக வருகிறது; திறப்பு விழாவும் கல்வெட்டும் கூடவே வருகின்றன. ஐயாயிரம் ரூபாய்க்குக் கல்வெட்டு வைக்க எந்த மந்திரிக்கும் மனம் வராது.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே ஒன்றுமே கொடுப்பதில்லை என்று சொன்னால் அது அபாண்டமாகும். கொடுத்துத்தான் வருகிறார்கள். ஆனால் எப்படி? பத்தாயிரம் ரூபாயைப் பாங்கியில் போட்டு, வட்டியிலிருந்து முதல் மதிப்பெண் பெற்ற மாணவனுக்குப் பரிசோ, வருஷத்துக்கொரு சொற்பொழிவோ ஏற்படுத்தி, தாயார் பெயரையோ தகப்பனார் பெயரையோ வைத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. பெற்றோர் பெயர் நிற்க வேண்டுமென்ற ஆசையை நாம் குறை கூறவில்லை. கணக்கைப் பார்க்கும்படி மட்டும் வேண்டுகிறோம். நூற்றுக்கு ஏழு வட்டியானால் பத்தாயிரத்துக்கு வருஷம் 700 ரூபாய். இன்றைக்கே அதில் ஒரு பதக்கமும் ஒரு மாலையும் வாங்குவது கஷ்டம். இருபது வருஷம் கழித்து அந்த எழுநூறு பேச வந்தவரின் பஸ் சத்தத்துக்கும் காணாது. முதலோ பாங்கியில் அசையாமல் தூங்கும். மேலும், முதலாவதாகத் தேறியவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான். நாற்பதாவதாகத் தேறி, கையில் ஒரு நல்ல யோசனையை வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டாயிரம் ரூபாய் சாமான் வாங்க வழியின்றி நிற்பவனுக்கு அந்தப் பதக்கத்தினால் என்ன பிரயோஜனம்?

பணத்தைப் புதைத்து வைக்காமல் வேலையில் இறக்கிய பெரியார்கள் நம் தேசத்திலேயே உண்டு. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் 1916இல் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜிலிருந்து ஓய்வு பெற்று, அந்நகர் சர்வகலாசாலையின் சயன்ஸ் காலேஜுக்கு வந்தார். 1921இல் அறுபது வயது நிறைந்ததும், அதன்பின் தமக்கு வரவிருந்த சம்பளம் முழுவதையும் ரசாயனப் பகுதியின் அபிவிருத்திக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். 1936 வரையில் அப்படியே உழைத்தார். நம் தமிழ்நாட்டில் ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கலைக் கல்லூரியில் புத்தகசாலையைப் பரிபாலித்த ஸ்ரீ பாலம் கலியாணசுந்தரம், தாம் வாங்கிய சம்பளத்தை வருஷக்கணக்கில் ஏழைப் பிள்ளைகளுக்கே செலவிட்டு, ஓய்வு பெற்றபின் கிடைத்ததையும் தர்மத்துக்கே கொடுத்தார். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இவர்களைப்போல் எல்லோரும் இருக்க முடியாது. இருக்கும்படி கேட்பதும் நியாயமல்ல. பேத்தி கல்யாணமும் வைத்தியச் செலவும் உள்ள சாமானியப் பென்ஷன்தாரர் மாதம் இருநூறு ரூபாய் கொடுக்கலாம். அப்படி ஐம்பது பேர் சேர்ந்தால் வருஷம் 1,20,000 ரூபாய். பத்தாயிரம் வீதம் பன்னிரண்டு காரியங்கள்!

என்ன காரியம் என்று கேட்கலாம். அரியலூர் ஜில்லாவிலேயே ஒன்று சொல்லுகிறோம். இச்சீமையில் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடல் கிடந்தது. அக்கடலின் சங்கும் சிப்பியும் அம்மோனைட்டும் கல்லாகி, சுண்ணாம்புக்கல் எடுக்கும் குழிகளில் அகப்படுகின்றன. 1840களில் திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம் பக்கங்களில் வெள்ளைக்காரர் பொறுக்கிய கற்களை 1846இல் லண்டனில் பார்ப்ஸ் என்பவர் வர்ணித்து வெளியிட்டார். 1860களில் ஸ்டோலிஸ்கா கல்கத்தாவிலிருந்து பெரிய நூல்களே எழுதினார். உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகளுக்கெல்லாம் அரியலூர் என்ற பெயர் தெரியும். இப்போது வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகம் இருப்பது சந்தோஷமே. ஆனால் ஆண்டிமடத்துப் பிள்ளை தானே குழிக்குப் போய், தானே பொறுக்கி, தன் கலாசாலை அலமாரியில் பெயர் எழுதி வைப்பதற்கு ஒரு கண்ணாடி அலமாரியும், நாலு தடவை வண்டிச் சத்தமும், ஒரு பூதக்கண்ணாடியும் போதும். இதற்காகச் சென்னைக்குக் காகிதம் அனுப்பினால் பிள்ளை பட்டம் வாங்கிப் போனபிறகு பதில் வரும். எந்த அறையில் எந்த அலமாரி காலியாக இருக்கிறது என்பதை அறிந்த பழைய ஆசிரியரோ ஒரு மாதத்தில் முடித்துக் கொடுப்பார்.

இதில் அபாயமில்லாமலில்லை. ‘நன்கொடை’ என்ற நல்ல சொல் கலாசாலை வாசலில் கெட்டுப்போன கதையை ஜனங்கள் மறக்கவில்லை. அக்கொள்ளையைத் தடுக்க 1992இல் சட்டமே செய்ய நேர்ந்தது. கொடுத்தவர் கட்டளையிடத் தொடங்கினால் கலாசாலை கட்சிக்கும் ஜாதிக்கும் பழைய பகைக்கும் அரங்கமாகிவிடும். ஆகவே எந்தக் காரியத்துக்குக் கொடுப்பதென்று தீர்மானிக்கும் இடத்தில் கொடையாளிகள் சிறுபான்மையாகவே இருக்க வேண்டும். மாணவர்களும் உட்கார வேண்டும். பைசாக் கணக்கையும் புத்தகசாலைப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய அபாயம் சர்க்கார் பக்கத்திலிருந்து வருவது. 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல்’ என்ற பெயரால் சர்க்கார் பள்ளிகளுக்குப் பழைய மாணவர்களிடமும் கம்பெனிகளிடமும் பணம் திரட்ட ராஜ்ய சர்க்காரே முன்வந்தது. ஜனங்கள் கொடுப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. காமராஜர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் கிராமங்கள் பெஞ்சும் மணியும் கொடுத்தன. ஆனால் அப்போது சர்க்கார் ஒரு கையால் வாங்கி மறு கையால் ஊர்தோறும் பள்ளி திறந்தது. இன்று கலாசாலைகளில் நிரந்தர ஸ்தானங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர் என்ற பட்டத்தோடு பென்ஷனற்ற சம்பளத்தில் ஆயிரக்கணக்கானோர் பாடம் நடத்துகின்றனர். இந்த நிலையில் பென்ஷன்தாரர் பணம் ஒரு பைசாவாவது சம்பளத்துக்கோ, கூரைக்கோ, கக்கூஸுக்கோ போகக்கூடாது. அவை சர்க்காரின் கடன். அதை வேறொருவர் தீர்த்தால் கடன்காரனுக்கு நிம்மதி.

காலமும் அதிகமில்லை. 1-4-2003க்குப் பிறகு ராஜ்ய சர்க்கார் வேலைக்கு வந்தவர்கள் பழைய பென்ஷன் முறையிலிருந்து விலக்கப்பட்டு, பங்களிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குமுன் சேர்ந்தவர்களின் கடைசி அணியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் ஓய்வு பெற்றுவிடும். மாதம் இருநூறு ரூபாயை யோசியாமல் எடுத்துக் கொடுக்கக்கூடிய தலைமுறை அதுவே. கௌரவ விரிவுரையாளராக மூப்படைந்தவரிடம் போய் நாம் கையேந்த முடியுமா? சர்க்கார் கலாசாலைப் பிரின்ஸிபால்கள் இத்தகைய சிறு தொகைகளை ஏற்று, மேலிடத்துக்கு எழுதாமலே செலவிட்டு, வருஷ முடிவில் கணக்குக் காட்டலாம் என்று கல்வி இலாகா ஓர் உத்தரவு பிறப்பிக்குமானால், வருகிற ஜூன் மாதத்திலேயே அரியலூர் ஜில்லாவில் ஆரம்பித்துப் பார்க்கலாம்.