சாவி நம் கையில், ஆணை யார் கையில்?

முன்பெல்லாம் மோட்டார் காரின் சாவி என்பது பற்கள் வெட்டிய ஓர் உலோகத் துண்டே. இன்றைய சாவியோ ஒரு சிறு வானொலி நிலையம் எனலாம். அதனுள் உள்ள சில்லு, பூட்டைச் சுற்றியமைந்த கம்பிச்சுருளின் காந்தப்புலத்திலிருந்தே சக்தி பெற்றுத் தன் அடையாளத்தைத் தெரிவிக்கின்றது. அது பொருந்தினாலன்றி எஞ்சின் இயங்காது. கதவு திறக்கும் பொத்தானுக்கு மட்டுமே மின்கலம் வேண்டும்.

அப்பொத்தானின் ஆணையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பது காரின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகியுள்ளது. ஒரு முறை அழுத்தினால் ஓட்டுபவரின் கதவு மட்டும் திறப்பதா, நான்கும் திறப்பதா? பூட்டியதும் பக்கக் கண்ணாடிகள் மடிவதா? முகப்பு விளக்கு எத்தனை விநாடி எரிவது? இவற்றைத் தொழிற்சாலையே முன்கூட்டித் தீர்மானித்து விடுகின்றது. எனினும், பல கார்களில் இவற்றை மாற்றியமைக்க இயலும்.

எர்ணாகுளத்தை அடுத்த மட்டாஞ்சேரியின் பஜார் சாலையை எண்ணிப் பாருங்கள். பழைய பண்டகசாலைகளுக்கிடையே சரக்கு லாரிகள் நெருங்கிச் செல்லும் அக்குறுகிய வீதியில், கண்ணாடிகள் தாமே மடிதல் ஆடம்பரமன்று, தேவை. பருவமழையில் குழந்தையும் குடையுமாக வருபவருக்கு நான்கு கதவுகளும் ஒருங்கே திறத்தல் நலம். இரவில் தனியே வரும் பெண்ணுக்கோ ஒரு கதவு மட்டும் திறப்பதே காப்பு. எது பொருத்தம் என்பதை உரிமையாளரே அறிவார்.

ஆனால், சோதனைக் கருவியை இணைத்தாலன்றி மாற்ற முடியாத அமைப்புகளும் உள. அக்கருவி நிறுவனத்தின் பணிமனையில் மட்டுமே இருப்பின், உரிமையாளர் அதனையே நாடி நிற்க நேரும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்ததுடன், உதிரிப் பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளிப் பணிமனைகளுக்கும் கிடைக்கச் செய்யுமாறு பணித்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்திலும் மோட்டார் வாகனங்கள் இடம்பெற்றன.

இவ்வுரிமை திருடருக்கு வழி திறக்கும் என்பர் சிலர். புதிய சாவியைப் பதிவு செய்வது வேறு. விளக்கு எரியும் நேரத்தை மாற்றுவது வேறு. முன்னதற்கு உரிமைச் சான்றும் கண்டிப்பும் இன்றியமையாதவை. காற்றுப்பை, பிரேக் ஆகியவற்றின் அமைப்புகளில் கை வைத்தலும் ஆகாது. பின்னதற்கு அத்தகைய தடை எதற்கு?

பழைய காரை வாங்குவோர் முந்தைய சாவிகளின் பதிவை நீக்கச் செய்தல் வேண்டும். புதிய காரை விற்போர், மாற்றத்தக்க அமைப்புகளின் பட்டியலை வாங்குபவரின் தாய்மொழியில் அச்சிட்டு அளித்தல் வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு அதன் ஆணையைத் தம்மிடமே வைத்துக்கொள்வது முழுமையான விற்பனை ஆகாது.