உழைப்பால் வந்த உறவு

மண்ணைத் தாய் என்றும் ஆற்றை அன்னை என்றும் போற்றுவது நம் நாட்டு வழக்கம். ஆனால் அந்த மண்ணில் நாள் முழுதும் குனிந்து களை பறிக்கும் பெண்ணின் பெயர் பட்டாவில் பெரும்பாலும் இராது. சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டிலும் அருகியே காணப்படும். இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.

இயற்கை அழிவதும் பெண் அடங்கிக் கிடப்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று கூறும் கொள்கையைச் சூழலியல் பெண்ணியம் என்பர். 1974ஆம் ஆண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன் இதற்குப் பெயரிட்டார். அதே ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள், இமயமலைச் சாரலில் ரேணி என்னும் சிற்றூரில், ஆடவர் ஊரில் இல்லாத வேளையில் மரம் வெட்ட வந்தோரைக் கௌரா தேவி தலைமையில் பெண்கள் தடுத்து நிறுத்தினர். பெண்ணுக்கும் இயற்கைக்கும் உள்ள நெருக்கத்தை விளக்கி வந்தனா சிவா 1988இல் நூல் எழுதினார். பொருளியல் அறிஞர் பினா அகர்வாலோ 1992இல் ஒரு மறுப்பை முன்வைத்தார். அவ்வுறவு பிறப்பால் வந்ததன்று. யார் எவ்வேலையைச் செய்கிறார், யாரிடம் உடைமை இருக்கிறது என்பதால் அமைவது என்றார்.

நமது இண்டூர் வட்டாரத்திற்குப் பொருந்துவது இப்பின்னைய கருத்தே என்பது நம் துணிபு. மானாவாரி நிலத்தில் விளைந்த கேழ்வரகில் நல்ல கதிரைத் தெரிந்து, சாம்பல் கலந்து விதையாகக் காப்பவள் பெண். பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை பறித்துப் போடுபவளும் அவளே. அண்டை வயலில் தெளித்த பூச்சி மருந்து அவ்விலையில் படிந்தால் புழு மடியும். அந்த நட்டத்தை முதலில் காண்பவள் அவள். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தமையால், 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயலுக்கு வந்தது. ஆழ்குழாய்க் கிணறு எங்கே இடுவது என்று முடிவு செய்வோர் ஆடவர். குடம் சுமப்பவள் பெண். இந்த அறிவு இரத்தத்தில் வந்ததன்று; கையிலும் தோளிலும் வந்தது.

ஆகவே வெறும் புகழ்ச்சி போதாது. சில வேளைகளில் அது தீங்கும் செய்யும். "பழைய சாமைக்குத் திரும்புவோம்" என்று மேடையில் பேசுவது எளிது. சாமையின் உமியை உரலில் இட்டுக் குத்தி நீக்குவோர் யார்? கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதனை உணர்ந்து, சிறுதானியம் உமி நீக்கும் பொறிகளை மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்டது. பயிரைக் காக்க விரும்புவோர் அதற்குரிய உழைப்பின் சுமையையும் குறைத்தாக வேண்டும்.

நிற்க, நம் சங்கங்களின் நிலை என்ன? 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் உள்ளவை நூற்றுக்குப் பதினான்கு அளவே. பயிர்க் கடனோ சிட்டா, அடங்கலைப் பார்த்து அளிக்கப்படுவது. ஆதலால் கடன் கணவன் பெயருக்கும், அடகுக்கு வரும் நகை மனைவி கழுத்திலிருந்தும் ஆகின்றன. நெசவாளர் இல்லங்களிலும் இவ்வாறே. தார் சுற்றுவதும் பாவுக்குக் கஞ்சி போட உதவுவதும் பெண்கள். கூலிப் புத்தகத்தில் பெயர் மட்டும் ஆடவருடையது.

"வீட்டுக்கு ஓர் அங்கத்தினர் போதாதா? வருமானம் ஒரே அடுப்புக்குத்தானே போகிறது?" என்று சிலர் கேட்பர். அடுப்பு ஒன்றுதான், ஆனால் எந்த விதை வாங்குவது, எந்த மருந்து தெளிப்பது, எந்த நிலத்தை விற்பது என்ற முடிவுகள் அடுப்படியில் எடுக்கப்படுவதில்லை. விளைவை முதலில் அனுபவிப்பவளுக்கு முடிவில் வாக்கு இல்லையெனில், அச்சங்கம் பாதி அறிவோடு நடைபெறும் சங்கமே ஆகும்.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கணவனும் மனைவியும் தனித்தனியே பங்கு வாங்கி அங்கத்தினராதல். இரண்டாவது, கூட்டுப் பட்டா பெறுதல்; கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்னும் சட்டத் திருத்தம் 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. மூன்றாவது, சிறுதானிய உமி நீக்கும் பொறியைச் சங்கமே வாங்கி, மகளிரின் நிருவாகத்தில் நடத்துதல்.

இவற்றுள் முதலாவதற்குப் புதுச் சட்டமும் வேண்டா, மானியமும் வேண்டா. பங்குத் தொகையும் ஒரு விண்ணப்பமும் போதும். அடுத்த பேரவைக் கூட்டத்திற்கு வரும் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் இல்லத்துப் பெண்ணின் விண்ணப்பத்தோடு, அவரையும் உடன் அழைத்து வருவாராக.