எதற்கு மேலே?



பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சின்ன வெங்காயத்துக்கு அடியுரம் வாங்கப் போனாராம். டிஏபி இல்லை, சூப்பர் போடுங்கள் என்றார்களாம் கடையில். ‘பேரே சூப்பர்னு இருக்கே, அப்ப டிஏபியைவிட அது ஒசத்தியா?’ என்று கேட்கிறார். நியாயமான கேள்விதானே?

‘சூப்பர்’ என்ற லத்தீன் முன்னொட்டுக்கு ‘மேலே’, ‘கூடுதல்’ என்றுதான் பொருள். சிறப்பு என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது. பாஸ்பேட்டோடு கந்தக அமிலத்தைச் சேர்த்து உண்டாகும் உப்பில் அமிலப் பங்கு கூடுதல். அதனால் அந்தக் கால வேதியியலார் அதை சூப்பர் பாஸ்பேட் என்றார்கள். இங்கிலாந்தில் லாஸ் என்பவர் 1842ல் காப்புரிமை வாங்கினார். 1906லேயே நம் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி இதைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது.

ஆக, பெயரை வைத்து எடை போட முடியாது. மூட்டையில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். டிஏபியில் மணிச்சத்து 46 சதவீதம், தழைச்சத்து 18. சூப்பரில் மணிச்சத்து 16தான், தழைச்சத்து கிடையாது. ஆனால் டிஏபியில் இல்லாத கந்தகம் இதில் 11 சதவீதம் இருக்கிறது. வெங்காயத்தின் காரமும் நெடியும் கந்தகத்தால் வருபவை அல்லவா? ஒரு மூட்டை டிஏபிக்கு ஈடாக மூன்று மூட்டை சூப்பரும் 20 கிலோ யூரியாவும் போடலாம். விலையைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள், அம்மா.

‘சூப்பர்’ என்ற இந்த முன்னொட்டு ஸ்பெயினில் சோப்ரே, பிரான்சில் சுர் என்று உருமாறியது. பிரெஞ்சு வடிவத்தையும் ஆங்கிலம் வாங்கிக்கொண்டது. அதனால்தான் பட்டாவில் உள்ள ‘சர்வே’ நம்பரும், வேலையிடத்து ‘சூப்பர்வைசரும்’ ஒரே வேர்: மேலிருந்து பார்ப்பது. நமக்கும் இது தூரத்துச் சொந்தமே. ஏரி நிறைந்து வெளியேறும் உபரி நீர் என்கிறோமே, சமஸ்கிருதம் வழி வந்த அந்த ‘உபரி’யும் இதே குடும்பம்.

ரயிலிலும் இந்த முன்னொட்டு ஏறியிருக்கிறது. பெரம்பலூருக்கு ரயில் இல்லை. அரியலூர் போய்த்தான் ஏற வேண்டும். அங்கே சூப்பர்பாஸ்ட் சர்சார்ஜ் என்று ஸ்லீப்பருக்கு 30 ரூபாய் சேர்த்து வாங்குகிறார்கள். அந்தப் பெயரில் நம் முன்னொட்டு இரண்டு முறை! சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொட்டாலே அகல ரயில் பாதையில் ஒரு வண்டி சூப்பர்பாஸ்ட் ஆகிவிடும். அவசரம் இல்லாத பயணத்தில் சூப்பர்பாஸ்டைத் தவிர்த்தால், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 120 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம்.

இதைவிடப் பெரிய செலவு, சூப்பர் ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை. எம்.டி., எம்.எஸ். ஸ்பெஷலிஸ்ட் படிப்பு. அதற்கு மேலே டி.எம்., எம்.சிஎச். இதய அடைப்புக்கும் மூளைக் கட்டிக்கும் அந்த மேற்படிப்பு அவசியம், தயங்காமல் போங்கள். குழந்தைக்கு இரண்டு நாள் சளி என்றால்? முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மேலே போக வேண்டியிருந்தால் அந்த டாக்டரே எழுதிக் கொடுப்பார்.

அன்புடன்,
ஆசிரியர்