நடக்கிறவர் ஏன் பாதாளம் போக வேண்டும்?

கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையில் அச்சமின்றி நடப்பதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு காக்கும் உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அறிவித்து, அதற்குரிய நெறிகளை வகுக்க மாநிலங்களுக்கு இரண்டு மாத அவகாசமும் விதித்த பிறகும்கூட, பாதசாரியின் க்ஷேமத்தைப் பற்றிப் பேச வாய் திறக்கிற நம் நகர நிபுணர்கள் முதலில் உச்சரிப்பது ‘சுரங்கப்பாதை’ என்பதைத்தான். சாலையை மோட்டாருக்குத் தாரைவார்த்துவிட்டு, நடக்கிறவரை நிலத்துக்கடியில் அனுப்பிவைக்கிற இந்த யோசனையை, கொல்கத்தாவின் ஜாதவ்பூரில், 8பி பஸ் நிலையத்தருகே நின்று அவர்கள் ஒருமுறை பரிசீலிக்கட்டும்.

தேசியக் கல்விக்கு ஒரு லட்ச ரூபாய் வழங்கி, சர்க்காரிடமிருந்தன்றி ஜனங்களிடமிருந்தே ‘ராஜா’ பட்டம் பெற்ற சுபோத் சந்திர மல்லிக்கின் பெயரைத் தாங்கிய சாலை அது. 1906இல் தோன்றிய தேசியக் கல்விக் கழகத்தின் வழியில் வளர்ந்து 1955இல் உருப்பெற்ற பல்கலைக்கழகமும், பௌபஜாரில் இருந்த காலத்தில் நம் சி. வி. ராமனுக்கு ஆராய்ச்சிக்கூடம் தந்து பின்னாளில் இங்கே குடிபெயர்ந்த, 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய விஞ்ஞான சங்கமும் அச்சாலையின் மேல்தான் இருக்கின்றன. சற்றுத் தள்ளி, சுலேகா மைத் தொழிற்சாலையின் பெயரே நிலைத்துவிட்ட சந்திப்பு. இருபது வயதில் காசநோய்க்கு இரையான கவி சுகாந்த பட்டாச்சார்யாவின் பெயரிட்ட மேம்பாலம். வழி கேட்கிற வெளியூரார்க்கு அங்குள்ளவர் சொல்லும் அடையாளங்கள் இவை. படியிறங்கியவருக்கு இவற்றில் ஒன்றும் தென்படாது. ஹௌரா நிலையத்துச் சுரங்கப்பாதையில் திசை தெரியாமல் சுழன்ற எந்தப் பிரயாணியைக் கேட்டாலும் சொல்வார்.

இனி என் பிரியமான கணக்கு ஒன்று. விஞ்ஞான சங்கத்தின் வாசலில் அதைப் போடுவது பொருத்தமுமாகும். இருபது மீட்டர் அகலமுள்ள சாலையை, நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 17 நொடியில் கடந்துவிடுவார். அதே மனிதர் ஐந்து மீட்டர் ஆழச் சுரங்கத்தின் வழியே போவதானால், படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டராக, 33 படி இறங்கி 33 படி ஏற வேண்டும். அறுபது கிலோ எடையுள்ள உடலை ஐந்து மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 3,000 ஜூல் சக்தி செலவாகிறது; பத்தாயிரம் பேர் ஏறினால் 3 கோடி ஜூல். மின்சாரக் கணக்கில் அது எட்டு யூனிட்தானே என்று நிபுணர் புன்னகைக்கலாம். அந்த எட்டு யூனிட்டும் வயோதிகரின் முழங்காலிலிருந்தும், கைக்குழந்தையோடு மூட்டையும் சுமக்கிற தாயின் இடுப்பிலிருந்தும் வசூலாகிறது. மோட்டாரில் வருகிறவரிடம் நாம் யாசிப்பதோ, பிரேக்கின்மேல் வலது காலை ஒருமுறை வைப்பது.

நகரும் படி அமைக்கலாமே என்பார்கள். பழுதுபட்ட நகரும் படியும் படியே. சக்கர நாற்காலியில் வருகிறவருக்குப் பழுதுபடாததும் பயனில்லை. போக்குவரத்து ஸ்தம்பித்துவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். யாருடைய போக்குவரத்து? நடப்பதும் போக்குவரத்து என்பதை அறியாதவர்களோடு விவாதிப்பதற்கு ஒன்றுமில்லை.

மேல்நாட்டை மேற்கோள் காட்டாமல் உறங்காத நம் அதிகாரிவர்க்கம் பர்மிங்ஹாமைப் பார்க்கட்டும். நகரத்தின் நடுவைச் சுற்றி மோட்டாருக்கென வட்டச்சாலை கட்டி, 1971இல் முடித்து, நடப்பவர்களைச் சுரங்கங்களில் இறக்கிய அந்நகரமே, பிறகு தன் தவற்றை உணர்ந்து, 2002இல் மாஸ்ஹவுஸ் சந்திப்பின் உயர்ந்த சாலையை இடித்துத் தரைமட்டமாக்கியது. அவர்கள் கழித்துக்கட்டியதைக் கடன் வாங்கிக் கட்ட நமக்கு ஆசை!

இந்தியச் சாலைகளில் 2022இல் 32,825 பாதசாரிகளும், 2023இல் 35,221 பாதசாரிகளும் மாண்டதாக மத்திய அரசின் அறிக்கையே கூறுகிறது. நாளொன்றுக்கு 96 பேர். இவர்களைக் கொன்றது சுரங்கப்பாதை இல்லாமை அன்று. வேகத்துக்கு நாம் கொடுத்த சலுகை. ஆகவே ஜாதவ்பூரிலும் சரி, சென்னை சென்ட்ரலிலும் சரி, இனி ஒரு சுரங்க நடைபாதைகூடக் கட்டலாகாது. வண்டிகளை நிறுத்தி, பச்சை விளக்கை முதலில் நடக்கிறவருக்கே ஏற்ற வேண்டும்.