ஏடு எழுதிய பாட்டாளிகள்

வரலாறு படித்தால் வயிறு நிறையுமா? இப்படிக் கேட்பவர்களுக்கு எங்கும் பஞ்சமில்லை. இங்கிலாந்திலே இன்று பல பல்கலைக்கழகங்கள், பணமில்லை என்று பல்லவி பாடி, வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் கத்தரி போடுகின்றன. அந்த நாட்டு ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையே இதற்குப் பதில் சொல்லும்.

அவர் ராபேல் சாமுவேல். 1934இல் லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். பெரிய பீடம் தேடி அலையாமல், 1962இல் ரஸ்கின் கல்லூரிக்குப் பாடம் சொல்லப் போனார். 1899இல் தொழிலாளருக்கென்றே தோன்றிய கல்லூரி அது. சுரங்கத்திலும் ஆலையிலும் ரயில்வேயிலும் உழைத்தவர்கள் அங்கே மாணவர்கள்.

அவர்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை சாமுவேல். அவரவர் தொழிலின் பழைய ஆவணங்களைத் தேடவைத்தார், எழுதவைத்தார். 1967 முதல் அந்த முயற்சிக்கு ‘வரலாற்றுப் பட்டறை’ என்று பெயர். விளைவு என்ன? ரயில்வேத் தொழிலாளி பிராங்க் மெக்கென்னா, ரயில்வேக்காரர் பேச்சுக்கே ஓர் அகராதி தந்தார். டர்ஹாம் சுரங்கத் தொழிலாளி டேவிட் டக்ளஸ், நிலக்கரிச் சுரங்க வாழ்க்கையை 1972இல் நூலாக்கினார். மன்னர் பட்டியலிலே இடம் கிடைக்காத மனிதர்கள் அச்சிலே ஏறினார்கள்!

பட்டறையிலும் குறை உண்டு. பெண்களின் வரலாற்றுக்கு ஒரு கூட்டம் வேண்டும் என்று கேட்டபோது, 1969இல், அங்கிருந்த ஆண்கள் சிரித்தார்கள். உழைப்பாளி வரலாறு பேசியவர்களே உழைப்பாளிப் பெண்ணை மறந்தார்கள்! பெண்கள் ஓய்ந்துவிடவில்லை. 1970இல் பிரிட்டனின் முதல் தேசியப் பெண் விடுதலை மாநாடு அதே ரஸ்கின் கல்லூரியில் கூடியது. கேள்வி கேட்கக் கற்றவர்கள், கற்பித்த இடத்தையும் கேள்வி கேட்பார்கள். அதுதான் கல்வியின் வெற்றி.

1976இல் பட்டறைக்கென ஓர் ஆய்விதழ் பிறந்தது, இன்றும் வருகிறது. சாமுவேல் 1996இல் மறைந்தார். 2012இல் ரஸ்கின் இடம் மாறியபோது, பழைய மாணவர் பதிவேடுகள் பல அழிக்கப்பட்டன. தொழிலாளி வரலாற்றைத் தொழிலாளிக்குக் கற்றுத்தந்த வீட்டிலேயே இந்தக் கதி என்றால், மற்ற இடங்களைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

தோழர்களே! பாட்டாளியின் வரலாற்றைப் பாட்டாளியே காக்க வேண்டும். சங்க அலுவலகப் பரணிலே கிடக்கும் மினிட் புத்தகம், வேலைநிறுத்த நோட்டீஸ், சந்தா ரசீது, இவற்றை எடைக்குப் போடாதீர்! ஓய்வுபெற்ற தோழரையும், அவருக்குத் துணைநின்ற அம்மையாரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். நேற்றுப் பெற்ற உரிமை எப்படி வந்தது என்று தெரியாதவனிடமிருந்து, நாளை அதைப் பறிப்பது எளிது!