புது பூட்ஸ் பழக நாள் கொடுங்கள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீயை அணைக்கப் போகிறவர்கள் அணிவது 8 அங்குல உயரமுள்ள கனத்த தோல் பூட்ஸ். தீப்பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதே அதை வாங்கி, நடந்து நடந்து காலுக்குப் பழக்கிக்கொண்டு வரச் சொல்லிவிடுகிறார்கள். மலைச்சரிவில் நாள் முழுக்க நிற்கவேண்டிய ஒருவருக்குக் குதிகாலில் கொப்புளம் வந்தால் மொத்தக் குழுவின் வேலையும் தடுமாறும் என்பது அங்கே பாலபாடம்.

நம் ஊர்க் கட்டுமானத் தளங்களில் புதிதாகச் சேரும் இளைஞருக்குப் பாதுகாப்பு பூட்ஸ் பெரும்பாலும் முதல் நாள் காலையில்தான் கைக்கு வருகிறது. இருக்கிற அளவில் ஏதோ ஒரு ஜோடி. அதை மாட்டிக்கொண்டு அன்றைக்கே சாரம் ஏறவேண்டும். மூன்றாம் நாள் அவர் கயிற்றைக் கட்டாமல் இழுத்து இழுத்து நடக்கிறார், அல்லது ரப்பர் செருப்புக்கே திரும்பிவிடுகிறார். மேற்பார்வையாளர் கண்ணுக்கு இது ஒழுங்கீனமாகப் படுகிறது. அந்த இளைஞரின் குதிகால் தோல் உரிந்திருப்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கனத்த தோல் ஏன் கடிக்கிறது? மாட்டுத்தோல் என்பது கொலாஜன் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பரப்பு. பதனிடும் ஆலையில் அந்த இழைகளுக்கிடையே எண்ணெய்ப்பசை ஏற்றுகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்தால்தான் தோல் மடியும். புது பூட்ஸில் இழைகள் இன்னும் விறைத்து நிற்கின்றன. காலின் சூடும் வியர்வையின் ஈரமும், ஒவ்வோர் அடியிலும் விழும் மடிப்பும் சேர்ந்து அவற்றை மெல்ல இளக்கி, அந்தக் காலுக்கே உரிய மடிப்பை உண்டாக்குகின்றன. இதற்குக் குறுக்குவழி கிடையாது. வெந்நீரில் முக்குவதும், ஹேர் டிரையரால் சூடு காட்டுவதும், மொட்டைமாடி வெயிலில் காயவைப்பதும் எண்ணெய்ப்பசையை விரட்டி, இழைகளை ஒட்டவைத்து, கடைசியில் மடிப்பிலேயே வெடிப்பு விழச் செய்யும்.

பழக்கும் முறை எளியது. வேலைக்குப் போடும் அதே தடிமனான காலுறையுடன், வீட்டில் முதலில் அரைமணி, பிறகு ஒரு மணி, அப்புறம் கடைத்தெரு வரை என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். குதிகால் பின்னால் நன்றாகப் பதிந்தபின் கணுக்காலருகே கயிற்றை இறுக்கவேண்டும். குதிகால் பூட்ஸின் தோலோடு உரசி உரசித்தான் கொப்புளம் வருகிறது. சிவந்துவிட்டால் அன்றைக்குக் கழற்றிவிட வேண்டும். இரண்டு வாரத்தில் பெரும்பாலான பூட்ஸ் வழிக்கு வந்துவிடும்.

ஆனால் எல்லா வலியும் பழகப் போகும் வலியல்ல. விரல் மடங்கும் இடத்திலும் கணுக்கால் விளிம்பிலும் தோன்றும் இறுக்கம் தளரும். நீளம் போதாத பூட்ஸ் ஒருநாளும் நீளாது. பாதுகாப்பு பூட்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.எஸ். 15298 தரவிதிப்படி அதன் விரல்கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்கவேண்டும். அவ்வளவு வலுவான கவசம் சுண்டுவிரலுக்காக ஒரு மில்லிமீட்டர்கூட விலகிக் கொடுக்காது. அங்கே நெரித்தால் அந்த ஜோடியை மாற்றித்தான் ஆகவேண்டும். ‘போடப் போட சரியாகிவிடும்’ என்று அனுப்பிவைப்பது தவறு.

நம் கால்கள் அகலமானவை என்பதற்கு இப்போது சான்றும் இருக்கிறது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. சராசரி இந்தியப் பாதம் மேலைநாட்டுப் பாதத்தைவிட அகலமானது என்று அந்த ஆய்வு சொன்னது. இந்தியருக்கென்று தனி அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. அதுவரை நாம் பிரிட்டிஷ் அளவுகளில்தான் காலைத் திணித்துக்கொண்டிருந்தோம். அகலம் போதாததால் ஒரு எண் பெரிதாக வாங்கி, நீளம் மிஞ்சி, குதிகால் வழுக்கி, கொப்புளம் வாங்கியவர்கள் எத்தனை பேர்!

கொப்புளம் அற்ப விஷயமில்லை. அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன் 1924 கோடையில் காலுறையில்லாமல் ஷூ அணிந்து டென்னிஸ் ஆடியபோது கால்விரலில் ஒரு கொப்புளம் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்து ஒரே வாரத்தில் இறந்துபோனான். இன்று ஆன்டிபயாடிக் இருக்கிறது. கூடவே, 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டபடி, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமான சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள். நரம்பு மரத்துப்போன காலுக்குக் கொப்புளம் வந்தது தெரியாது; தெரியும்போது அது புண்ணாகியிருக்கும். புது பூட்ஸ் போட்ட முதல் வாரத்தில் இவர்கள் தினமும் காலைப் பரிசோதித்தே ஆகவேண்டும்.

பழகிய பூட்ஸைக் காப்பாற்றுவது அடுத்த வேலை. சிமென்ட்தான் தோலுக்குப் பெரிய எதிரி. ஈரச் சிமென்டின் கடுமையான காரத்தன்மை தோலை அரிக்கும். வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தவேண்டும். உலர்ந்தபின், தோல் வறண்டு தெரிந்தால் மட்டும், தேன்மெழுகு கலந்த தோல் களிம்பை மடிப்புகளில் மெல்லிசாகத் தேய்த்து ஓர் இரவு விடவேண்டும். வீட்டுத் தேங்காயெண்ணெய் தோலை இளக்கும், ஆனால் தண்ணீரைத் தடுக்காது. அளவு மீறினால் தோல் தொளதொளத்துவிடும். என்ஜின் ஆயில் கூடவே கூடாது. ஒரு நாள் வியர்வை முழுதும் உலர ஒரு நாளாவது வேண்டும் என்பதால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது இன்னும் முக்கியம். ஈரத்தோடு மூலையில் போட்ட பூட்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

ஈரத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் ராணுவம் கண்டது. சதுப்பு நிலத்தில் தண்ணீர் புகுந்த பூட்ஸோடு நடந்த வீரர்கள் பலருக்குப் பாதம் ஊறிப் புண்ணானது. போருக்குப் பிறகு ராணுவம் பூட்ஸையே மாற்றியது.

முதல் உலகப் போரில் அதே ராணுவத்தின் பூட்ஸ்களுக்கு மேல்தோலாகப் போனது சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்திய அந்தக் கைத்திறன் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பெருந்தொழிலாக வளர்ந்தது. உலகத்துக்கே காலணி தைத்து அனுப்பும் மாநிலத்தில், பாலம் கட்டுகிறவர் கால் உரிந்து நடப்பதை ஏற்கமுடியாது.

செய்யவேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. பணி நியமனம் உறுதியானதுமே காலின் நீளம், அகலம் இரண்டையும் அளந்து, வேலை தொடங்க இரு வாரம் முன்பே பூட்ஸைக் கொடுத்துவிடலாம். கூடவே இரண்டு ஜோடி காலுறை, ஒரு டப்பா தோல் களிம்பு. பெண் தொழிலாளர்களுக்கு ஆண்கள் பூட்ஸில் சிறிய எண்ணைத் தேடித் தருவதை நிறுத்தி, அவர்கள் பாதத்துக்கென்று செய்ததை வாங்கவேண்டும். பொதுப்பணித் துறையும் மாநகராட்சிகளும் தங்கள் ஒப்பந்தப் புள்ளிகளில் விரல்கவசத்தின் வலிமையோடு இவற்றையும் நிபந்தனையாக எழுதினால், தனியார் ஒப்பந்ததாரர்களும் அதே வழிக்கு வருவார்கள்.